சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

பிள்ளைகளைத் தேர்வில் தோல்வியுறச் செய்தாக வேண்டும் என்னும் குரல் நம்மிடையே மீண்டும் ஓங்கி ஒலிக்கத் தொடங்கியுள்ளது. எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாகாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதித்தது. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் நிறுத்திவைக்கும் உரிமை அரசுகளுக்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டே தமிழக அரசு அவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வை அறிவித்தது; எதிர்ப்பு வலுக்கவே 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2024 டிசம்பரில் நடுவண் அரசு தன் ஆளுகைக்குட்பட்ட பள்ளிகளில் தோல்வி முறையை மீட்டுக் கொணர்ந்தபோது, இங்கு அது நடைமுறைக்கு வாராது என்று தமிழகம் அறிவித்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அந்நிலையையே உறுதிசெய்தது.

சட்டத்தின் நிலை இதுவாக, நம் மக்களின் மனநிலை வேறாக இருக்கின்றது. அன்பியக் கூட்டங்களில் பேச்சு கல்வியின் பக்கம் திரும்பினால், "ஃபெயில் ஆகிடுவோம்னு பயம் இருந்தாத்தானே சாமி புத்தகத்தைத் தொடுவான்?" என்று கேட்காதவர் அரிது. இவ்வாறு கேட்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். தோல் பதனிடும் தொழிலிலும் பூட்டுப் பட்டறையிலும் நூற்பாலையிலும் உழைத்துத் தேய்ந்தவர்கள் அவர்கள். எட்டாம் வகுப்பில் இருக்கும் மகனால் ரேஷன் கடைப் பலகையைத் தடுமாறாமல் வாசிக்க முடியவில்லை என்பதைக் கண்டு கலங்கியவர்கள். அவர்களுடைய கேள்விக்கு மறுமொழி கூறாமல் 'குழந்தை உரிமை' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவது நேர்மையாகாது. அக்கேள்விக்குள் ஒரு கல்விக் கோட்பாடே அடங்கியுள்ளது: அச்சம் ஊக்கத்தைத் தரும், ஊக்கம் படிப்பைத் தரும், படிப்பு வாழ்வில் உதவும். இம்மூன்று கண்ணிகளுள் எது உறுதியானது, எது அறுந்துள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு ஒரு நூலையும், ஓர் அண்மைக்கால ஆய்வையும், நம் மண்ணில் நடந்தேறிய இரு முயற்சிகளையும் துணையாகக் கொள்கின்றேன்.

முதலில் நூல். 1967ஆம் ஆண்டு மே திங்களில் இத்தாலியில் வெளிவந்தது அது. மலையடிவார உழவர் வீட்டுப் பிள்ளைகள் எண்மர் சேர்ந்து, தங்களைத் தோல்வியுறச் செய்த ஓர் ஆசிரியைக்கு எழுதிய மடலாக அமைந்தது. தமிழில் 'எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?' என்னும் தலைப்பில் ஜே. ஷாஜஹான் மொழியாக்கத்தில் கிடைக்கின்றது. கத்தோலிக்கர்களாகிய நாம் இந்நூலை அதிகம் அறியாதிருப்பது வியப்பே. ஏனெனில் அப்பிள்ளைகளின் ஆசிரியர் ஒரு பங்குத்தந்தை. புளோரன்ஸ் நகரின் செல்வக் குடும்பத்தில் 1923இல் பிறந்த லொரென்சோ மிலானி, 1947இல் குருவானார். 1954 இறுதியில் பார்பியானா என்னும் மலைச்சிற்றூருக்கு மாற்றப்பட்டார். சாலையற்ற, சில குடும்பங்களே வாழ்ந்த பங்கு அது. எளிதாகச் சொன்னால், ஒதுக்கிவைக்கும் மாற்றல். அங்கே அரசுப் பள்ளி கைவிட்ட பிள்ளைகளைத் தம் இல்லத்தில் கூட்டி, நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம், ஞாயிறும் திருநாளும் பாராமல் பள்ளி நடத்தினார். மூத்த பிள்ளைகள் இளையோர்க்குக் கற்பித்தனர், செய்தித்தாள் பாடநூலாயிற்று. நூல் வெளிவந்த மறுமாதமே, 1967 ஜூன் 26இல், தமது 44ஆம் வயதில் நோயுற்று மறைந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017 ஜூன் 20இல், திருத்தந்தை பிரான்சிஸ் அக்கல்லறைக்குச் சென்று மன்றாடினார்.

நூலின் நடை சினம் மிக்கது. நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை வாசிப்பது போன்று, புள்ளிவிவரங்களை அடுக்கிச் செல்லும். யார் வீட்டுப் பிள்ளைகள் தோற்கின்றனர், யார் வீட்டுப் பிள்ளைகள் தேறுகின்றனர் என்று எண்ணிக் காட்டும். மருத்துவரின் மகன் பியெரீனோ பள்ளிக்கு வரும் முன்னரே பள்ளியின் மொழியை அறிந்தவன். உழவன் மகன் ஜியான்னியோ, வானொலி என்னும் எளிய சொல்லையே வீட்டு வழக்கில் ஒலித்துத் திருத்தம் பெறுகிறவன். சிறுமலை அடிவாரத்துப் பிள்ளை 'வாளப்பளம்' என்று சொல்லும்போது வகுப்பே சிரிப்பதைக் கண்ட நமக்கு ஜியான்னி அந்நியன் அல்லன். வாழையைக் கன்று முதல் தார் வரை அறிந்தவன் தலைகுனிகிறான். ழகரம் மட்டும் அறிந்தவன் கைதட்டல் பெறுகிறான்.

ஆயினும் இந்நூலை வறியோர்க்கான வழக்குரையாக மட்டும் வாசிப்போர் அதன் பாதியையே வாசிக்கின்றனர். என் வாசிப்பில் அதன் கூர்மையான பகுதிகள் வேறிடத்தில் உள்ளன. பிரெஞ்சு மொழித் தேர்வைப் பற்றி அம்மாணவர்கள் எழுதுவதைப் பாருங்கள். ஆந்தை, கூழாங்கல், விசிறி போன்ற சொற்களின் ஒருமை பன்மையைத் தேர்வு கேட்கிறது. அதில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவன் பிரான்சு நாட்டுக்குப் போனால் கழிப்பறை எங்கே என்று கேட்கத் தெரியாமல் நிற்பான் என்கின்றனர். கணிதத் தேர்விலோ, உருளையின்மேல் அரைக்கோளத்தைப் பொருத்திய விந்தையான ஒரு திண்மம்; அதன் பரப்புகளுக்கிடையே ஒரு பின்னம். இத்தகைய பொருளை எவர் எங்கே அளந்தார் என்று கேட்கின்றனர். மூன்றாவது எடுத்துக்காட்டுதான் என்னை நெடுநேரம் நிறுத்தியது. உடற்பயிற்சித் தேர்வாளர் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுக் கூடைப்பந்து ஆடச் சொல்கிறார். மலைப் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம் தெரியாது. உடற்கல்வியே பெறாதவர்கள் என்று அவர் முடிவு கட்டுகிறார். அப்பிள்ளைகளோ ஒவ்வொருவரும் கருவாலி மரத்தில் ஏறி, உச்சியில் இரு கைகளையும் விட்டு நின்று, கோடரியால் பெருங்கிளையை வெட்டி வீழ்த்தி, பனியில் இழுத்துக்கொண்டு தாயின் வாசலில் சேர்க்கத் தெரிந்தவர்கள்.

இம்மூன்று எடுத்துக்காட்டுகளும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். முதலிரண்டில், பள்ளியில் கற்றது வெளியே செல்லவில்லை. மூன்றாவதில், வெளியே கற்றது பள்ளிக்குள் நுழையவில்லை. கல்வி உளவியலார் 'கற்றல் மாற்றம்' என்று பெயரிட்டுள்ள சிக்கலின் இரு முகங்கள் இவை. ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்துக்கு எடுத்துச் செல்லுதலே கற்றல் மாற்றம். அது தானாக நிகழும் என்று நெடுங்காலம் நம்பினர். இலத்தீன் படித்தால் மூளை கூர்மையடையும், பின் எதையும் கற்கலாம் என்பது பழைய குருமடங்களின் உறுதியான நம்பிக்கை. 1901இலேயே தார்ண்டைக், உட்வொர்த் ஆகிய இரு அமெரிக்க அறிஞர்கள் அந்நம்பிக்கையைச் சோதித்து, ஒரு திறனில் பெற்ற பயிற்சி மற்றொரு திறனுக்கு மிகக் குறைவாகவே பரவுகிறது என்று காட்டிவிட்டனர். இலத்தீனுக்கு வேறு பல பெருமைகள் உண்டு. அவற்றை இங்கே தொடவில்லை.

பார்பியானாப் பிள்ளைகள் உள்ளுணர்வால் கண்டதை, நம் நாட்டில் அண்மையில் ஓர் ஆய்வு அளந்து காட்டியுள்ளது. 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியான அதனை, நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, உளவியலறிஞர் எலிசபெத் ஸ்பெல்கே முதலியோர் செய்தனர். கொல்கத்தா, தில்லி நகரங்களின் சந்தைகளில் விற்பனை செய்யும் 1,436 சிறுவர் சிறுமியரிடம் முதலில் சரக்கு வாங்கிப் பார்த்தனர். ஏறத்தாழ எல்லோரும் எடை, விலை, மீதி ஆகியவற்றை மனக்கணக்காகவே சரியாகச் சொன்னார்கள். கற்பனையான சரக்கு, கற்பனையான விலை என்று மாற்றிக் கேட்டபோதும் தடுமாறவில்லை. எனவே விலைப்பட்டியலை மனப்பாடம் செய்திருந்தனர் என்று கூற வழியில்லை. அதே கடினமுள்ள, அல்லது அதனினும் எளிய கணக்கைப் பள்ளி முறையில் தாளில் எழுதி நீட்டியபோது பெரும்பாலோர் திகைத்து நின்றனர்.

இவ்வளவோடு ஆய்வு நின்றிருந்தால், 'வாழ்க்கையே பள்ளி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நாம் எளிதாகப் பேசி முடித்திருக்கலாம். ஆய்வாளர்கள் அருகிலிருந்த பள்ளிகளுக்கும் சென்று, விற்பனை அறியாத 471 மாணவரைச் சோதித்தனர். எழுத்துக் கணக்கின் எளிய வகைகளில் இவர்கள் சந்தைப் பிள்ளைகளை மிஞ்சினார்கள். ஆனால் சந்தைப் பிள்ளைகளுள் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் தீர்த்த ஒரு வாணிகக் கணக்கை, பள்ளி மாணவருள் நூற்றுக்கு ஒருவரே தீர்க்க முடிந்தது. தாளும் எழுதுகோலும் கேட்டார்கள். கூட்டலுக்குக் கோடுகளைப் போட்டு எண்ணினார்கள். விடை வருமுன் வாங்க வந்தவர் போயிருப்பார்.

இதனை நம்மூர்ப் பூச்சந்தையில் வைத்து விளக்கிப் பார்ப்போம். நிலக்கோட்டைச் சந்தையில் முகூர்த்த நாளுக்கு முந்தைய காலையில் மல்லிகை கிலோ 640 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 350 கிராம் கேட்கிறார். தராசின் பின்னே நிற்கும் சிறுமி, கால் கிலோ 160, நூறு கிராம் 64, ஆக 224 என்று கண் இமைப்பதற்குள் சொல்லிவிடுவாள். அவள் செய்தது என்ன? 350ஐ 250ஆகவும் 100ஆகவும் பிரித்தாள். ஒன்றை நான்கால் வகுத்தாள், மற்றொன்றைப் பத்தால் வகுத்தாள், இரண்டையும் கூட்டினாள். கணித ஆசிரியர் கரும்பலகையில் பங்கீட்டுப் பண்பு என்று எழுதிக் கற்பிக்கும் விதியின் உயிர்ச்செயல் அது. அதே சிறுமியிடம் 640ஐ 350ஆல் பெருக்கி 1000ஆல் வகு என்று எழுதிக் கொடுத்தால், முதல் வரியிலேயே இடமதிப்பில் சறுக்கலாம். அவள் அறிந்ததும் பள்ளி கேட்பதும் ஒன்றே என்று அவளுக்கு எவரும் சொன்னதில்லை. சொல்லவேண்டியவருக்கோ அவள் காலையில் எங்கே நின்றாள் என்பது தெரியாது. தாமதமாக வந்தாள் என்பது மட்டும் தெரியும்.

இங்கே ஒன்றை அழுத்திக் கூற விரும்புகின்றேன். சந்தைப் பிள்ளையின் திறனைப் புகழ்ந்து அவளைச் சந்தையிலேயே விட்டுவிடுவது அன்பாகாது. அவளுடைய மனக்கணக்கு அவளை ஒட்டன்சத்திரம் வரை கொண்டு செல்லும். இயற்கணிதத்துக்கும், செவிலியர் கல்லூரிக்கும், வங்கிப் பணிக்கும் கொண்டு செல்லாது. பள்ளிக் கணக்கு என்பது எல்லாச் சரக்குக்கும் பொதுவான கணக்கு. அந்தப் பொதுமையில்தான் விடுதலை இருக்கிறது.

நம் வட்டாரத்தில் இந்தப் பாலத்தைக் கட்ட முயன்றோர் இல்லாமல் இல்லை. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வித் திட்டம் பிறந்தது. ஜாகிர் உசேன் குழு பாடத்திட்டம் வகுத்தது. அதனைச் சேவாகிராமத்தில் ஆண்டுக்கணக்கில் நடத்திக் காட்டியவர், இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவரான ஆரியநாயகமும் அவர் துணைவியார் ஆஷா தேவியும். இதே மரபில் 1947இல் டாக்டர் சௌந்தரமும் கோ. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். அது 1956இல் கிராமியக் கல்வி நிலையமாகவும், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. கைத்தொழிலை ஒட்டியே எண், மண், வரலாறு ஆகிய அனைத்தையும் கற்பிக்க வேண்டும் என்பது ஆதாரக் கல்வியின் உள்ளக்கருத்து. தக்ளியில் நூல் நூற்கும் குழந்தை நீளத்தை அளப்பாள், எடையை நிறுப்பாள், பருத்தி விளையும் நிலத்தை அறிவாள், அது கப்பலேறிய வரலாற்றைக் கேட்பாள். ஊக்கமும் கற்றல் மாற்றமும் ஒருங்கே கிட்டும் என்பது எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு உயர்ந்தது. நடைமுறையில் இரண்டு இடங்களில் அது உடைந்தது. ஒன்று, கைத்தொழிலையும் பாடத்தையும் இணைக்கும் கலை எளிதன்று. திறமை மிக்க ஓர் ஆசிரியரின் கையில் நூலிழையிலிருந்து புவியியல் விரிந்தது. மற்றவர் கையில் நூற்பு ஒரு மணி நேரமாகவும் புவியியல் வேறொரு மணி நேரமாகவும் பிரிந்து கிடந்தன. இரண்டாவது உடைவு ஆழமானது. 1953இல் ராஜாஜி அரசு, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் நாள்தோறும் மூன்று மணி நேரம் மட்டும் படிப்பு, எஞ்சிய நேரம் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டத்தைக் கொணர்ந்தது. ஆதாரக் கல்வியின் சொற்களிலேயே அது நியாயப்படுத்தப்பட்டது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தோரின் கேள்வியை நான் இன்றும் நியாயமானதாகவே கருதுகின்றேன்: அக்கிரகாரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் அறிவியலும், எங்கள் பிள்ளைக்கு மட்டும் அப்பனின் தொழிலா? வாழ்க்கையிலிருந்து கல்வியைத் தொடங்குவது ஒன்று. பிறந்த இடத்திலேயே கல்வியை முடித்துவைப்பது முற்றிலும் வேறு. இவ்வேறுபாட்டைக் காணாத எந்தச் சீர்திருத்தமும் ஏழையின் ஐயத்தை ஈட்டிக்கொள்ளும்.

அடுத்த முயற்சி நம் காலத்தது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் ஒற்றை ஆசிரியர் பள்ளிகளுக்காக உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. எம். பி. விஜயகுமார் என்னும் ஆட்சிப்பணி அலுவலர் அதனை முன்னின்று நடத்தினார். 2007–08இல் தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அது பரவியது. பாயில் அமர்ந்த குழந்தைகள், கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகைகள், தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும் படங்கள், ஏணிப்படியாய் அடுக்கிய அட்டைகள். குழந்தை தன் வேகத்தில் ஓர் அட்டையை முடித்து அடுத்த அட்டைக்கு ஏறும். பிரம்பு ஓய்ந்தது. வகுப்பறையின் ஒலி மாறிற்று. அக்காலத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தவர் எவரும் இதனை மறுக்க மாட்டார்.

குறை எங்கே? அட்டையிலிருந்து அட்டைக்குச் சென்ற குழந்தை, அட்டைக்கு வெளியே செல்வதற்கு வழி அவ்வளவாக இல்லை. இரு அட்டைகளை அருகருகே வைத்து, இவற்றில் பொதுவானது என்ன என்று கேட்கும் ஆசிரியரின் குரல் பல வகுப்புகளில் குறைந்துபோயிற்று. ஏணியில் ஏறுவதே வேலையாகி, ஆசிரியர் அட்டை எண்ணைக் குறிக்கும் எழுத்தராகிவிட்டார் என்று நல்லாசிரியர்களே வருந்தினார்கள். 2012–13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது அது எளிமையாக்கப்பட்டது. பெருந்தொற்றுக்குப் பின், 2022 ஜூன் முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கத் தொடங்கியது.

செயல்வழிக் கற்றலைக் குறை கூறுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு சான்றைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கற்றதைப் புதிய சூழலில் பயன்படுத்தத் தெரிகிறதா என்பதை அளக்கும் பன்னாட்டுத் தேர்வான பீசாவில், 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியாக, இந்தியாவிலிருந்து தமிழகமும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. 2011 டிசம்பரில் முடிவுகள் வந்தன. வளர்ந்த நாடுகளின் சராசரி 500ஐ ஒட்டியிருக்க, தமிழக மாணவர் வாசிப்பில் 337, கணிதத்தில் 351, அறிவியலில் 348 பெற்றனர். எழுபத்துக்கு மேற்பட்ட நாடுகள், வட்டாரங்களின் வரிசையில் ஏறத்தாழக் கடைசி. இதற்குப் பின் 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா பங்கேற்கவே இல்லை. கண்ணாடியில் முகம் சரியில்லை என்று கண்ணாடியைத் திருப்பி வைத்தோம்! ஆனால் தேர்வெழுதியவர்கள் பதினைந்து வயதினர். அவர்கள் தொடக்கப் பள்ளியில் படித்த காலத்தில் அட்டைகள் மாநிலமெங்கும் வந்திருக்கவில்லை. அவர்கள் பிரம்பின் பிள்ளைகள், மனப்பாடத்தின் பிள்ளைகள், தேர்வு அச்சத்தின் பிள்ளைகள். அச்சம் போனதால் தரம் தாழ்ந்தது என்போர் இந்த ஆண்டுக் கணக்கைச் சற்று நிதானித்துப் பார்க்கட்டும்.

கற்றல் மாற்றம் ஏன் இத்துணை அரிது? 1980இல் கிக், ஹோலியோக் என்னும் இருவர் செய்த சோதனை இதற்கு ஒளி தருகிறது. ஒரு கோட்டையைப் பிடிக்கச் சென்ற தளபதி, வழியெங்கும் கண்ணிவெடி இருந்தமையால் படையைச் சிறு சிறு பிரிவுகளாக்கி, பல வழிகளில் அனுப்பி, கோட்டை வாசலில் ஒன்றுகூடச் செய்தான் என்று ஒரு கதையை மாணவருக்கு வாசிக்கக் கொடுத்தனர். பின்னர் வேறொரு சிக்கல்: வயிற்றுக்குள் ஒரு கட்டி, வலுவான கதிர் பட்டால் கட்டியோடு நல்ல தசையும் கருகும், வலுவற்ற கதிர் பட்டால் கட்டியும் அழியாது, மருத்துவர் என் செய்வார்? வலுவற்ற கதிர்கள் பலவற்றைப் பல திசைகளிலிருந்து கட்டியில் குவிக்க வேண்டும் என்பது விடை. கதையைச் சற்றுமுன்தான் வாசித்திருந்தும், அதனைத் தாமாக இங்கே பொருத்தியவர் சிறுபான்மையினரே. முன்பு வாசித்த கதை உதவக்கூடும் என்று ஒரு குறிப்புத் தந்ததும் பெரும்பாலோர் விடை கண்டனர். அறிவு உள்ளேதான் இருந்தது. அதை அழைக்க ஒரு குரல் தேவைப்பட்டது. இரு கதைகளைத் தந்து, அவற்றின் பொதுக்கூறைத் தம் சொற்களில் சொல்லச் செய்தபோது குறிப்பின்றியே பலர் தீர்த்தனர் என்று அவர்களே 1983இல் மேலும் கண்டனர்.

நமக்கு இது புதியதன்று. சாமுவேல் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையை நாத்தான் சொல்கிறார். தாவீது கொதித்தெழுந்து தீர்ப்பும் வழங்குகிறார். ஆடு மேய்த்து வளர்ந்தவர், கதையை நுட்பமாகப் புரிந்துகொண்டவர், தீர்ப்பில் பிழையே இல்லாதவர். ஆயினும் அது தம் கதை என்று அவருக்குத் தெரியவில்லை. நாத்தான் விரல் நீட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. விளங்கிக்கொள்வதும் பொருத்திக்கொள்வதும் இரு வேறு செயல்கள் என்பதற்கு இதனினும் கூரிய சான்றை நான் எந்த உளவியல் நூலிலும் கண்டதில்லை.

இனி அச்சத்திற்கு வருவோம். அச்சம் ஊக்கம் தருவதில்லை என்று நான் கூற மாட்டேன், தருகிறது. எதற்கான ஊக்கம் என்பதுதான் வினா. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் மழலையர் பள்ளியில் ஒரு சிறு சோதனை செய்தனர். வண்ணப் பேனாவால் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள குழந்தைகளுள் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்னரே சொன்னார்கள். அவர்களும் வரைந்தார்கள், பெற்றார்கள். சில நாள்களுக்குப் பின் சான்றிதழ் இல்லாத வேளையில் பேனாக்களை வைத்தபோது, அக்குழந்தைகள் மற்றவர் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியே வரைந்தனர். பரிசு எப்போதும் தீது என்பது இதன் பொருளன்று. விருப்பமே இல்லாத இடத்தில் முதல் அடி எடுத்துவைக்கச் சிறு பரிசு உதவலாம். ஆனால் பரிசுக்காகச் செய்தது பரிசோடு நிற்கும் தன்மையுடையது. தண்டனைக்கு அஞ்சிச் செய்ததும் அவ்வாறே. தேர்வு பாடநூலின் பின்வினாக்களையே கேட்குமானால், அச்சமுற்ற மாணவன் பின்வினாக்களையே படிப்பான். அது அவனுடைய அறிவுடைமை. ஒரே பூட்டைத் திறக்கும் சாவியைச் செதுக்கிக்கொண்டு அவன் வெளியேறுகிறான். எனவே ஊக்கமும் கற்றல் மாற்றமும் இரு தனிப் பாடங்கள் அல்ல. எதற்காகக் கற்கிறோமோ அதன் எல்லையே, கற்றது செல்லும் தொலைவின் எல்லையாகிறது.

நம் வீட்டையும் சற்றுப் பார்ப்போம். 2017 முதல் தமிழக அரசு பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோரின் பட்டியலை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. நம் பள்ளிகளின் மதில்களில் ஒளிப்படப் பலகைகள் நின்றபாடில்லை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்னும் பெயருக்காக, ஒன்பதாம் வகுப்பு முடிவில் மெலிந்த மாணவரின் பெற்றோரை அழைத்து, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுமாறு நயமாகச் சொல்லும் வழக்கம் சிலுவை பொறித்த பள்ளிகளிலும் உண்டு என்பதை வாசகர்கள் அறிவீர்கள். ஜியான்னி வெளியேறும் வாசல் அது. மறைக்கல்வியிலும் கதை வேறன்று. விவிலிய வினாடி வினாவில், எந்த நூலுக்கு எத்தனை அதிகாரம் என்று நொடியில் சொல்லும் பிள்ளைக்குக் கோப்பை தருகிறோம். நல்ல சமாரியர் உவமையைப் பிழையின்றி ஒப்பிக்கும் அதே பிள்ளை, தன் வகுப்பில் எவனோடு அமர்ந்து உண்ண மறுக்கிறான் என்பதை எவரும் கேட்பதில்லை.

மீண்டும் பார்பியானா. அம்மாணவர்கள் தம் மடலில் முன்வைத்த கோரிக்கைகள் மூன்று: தோல்வியுறச் செய்யாதீர், பின்தங்கியோருக்கு முழுநேரப் பள்ளி தாருங்கள், ஊக்கமற்றோருக்கு ஒரு குறிக்கோளைக் காட்டுங்கள். நம் தமிழகம் முதலாவதை ஏற்றுக்கொண்டது. இரண்டாவதை, 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' வழியாக, மாலை நேரத் தன்னார்வலரைக் கொண்டு ஓரளவு முயன்று பார்த்தது. முதலாவதை மட்டும் தந்து மற்ற இரண்டை மறந்தால், தேர்ச்சி என்பது பிள்ளையைக் கவனியாமல் அனுப்பிவைக்கும் நாகரிகமான வழியாகிவிடும். அன்பியத்தில் கேள்வி கேட்கும் அந்தத் தந்தையின் கலக்கம் இந்த இடத்தில் முற்றிலும் உண்மையானது. அவர் தேடும் மருந்துதான் தவறு.

மூன்றாவது கோரிக்கையில்தான் நூலோடு எனக்குப் பிணக்கு. பார்பியானாவின் குறிக்கோள் உயர்ந்தது: பிறருக்குத் தன்னைக் கையளித்தல், வறியோர்க்குச் சொல்லாற்றலைத் தருதல். அது யாருடைய குறிக்கோள்? மிலானியினுடையது. விளையாட்டும் விடுமுறையும் அப்பள்ளியில் ஏளனத்துக்குரியவை. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குப் பந்தின்மேல் உள்ள ஆசை குற்றமா? குருவின் ஆளுமை என்னும் வெப்பத்தில் பழுத்த ஊக்கம், அவர் மறைந்தபின் எத்தனை நாள் நிற்கும்? அவர் இறந்த பின் அப்பள்ளி நெடுநாள் நீடிக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியை மீது பொழியும் சினமும் முற்றிலும் நீதியானதன்று. அவரும் ஓர் அமைப்பின் ஊழியர்தாம். மற்றொரு குறையை நூலே ஒப்புக்கொள்கிறது: மலைவழி கடந்து அங்கே படிக்க வந்த பெண் பிள்ளைகள் அரிது, பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்பது பெற்றோர் எண்ணம். திருமணத்துக்குப் பணம் சேர்க்க மகளை நூற்பாலை விடுதிக்கு அனுப்பிய நம் வேடசந்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களின் கதையும் இதற்கு அப்பாற்பட்டதன்று.

இவ்வளவு பிணக்குகளுக்கும் பின்னர், அந்நூலில் ஒரு பகுதியை மட்டும் நம் ஆசிரியர்களும் மறைக்கல்வி நடத்துவோரும் எழுத்தெண்ணி வாசிக்குமாறு வேண்டுவேன். அம்மடல் எழுதப்பட்ட முறையை விளக்கும் பகுதி அது. ஒவ்வொருவரும் தோன்றியதைத் தனித்தனித் துண்டுத் தாள்களில் குறித்தார்கள். தாள்களையெல்லாம் மேசையில் பரப்பி, ஒன்றுபோல் உள்ளவற்றைச் சேர்த்துக் கட்டுகளாக்கினார்கள். கட்டுகளுக்குப் பெயரிட்டார்கள், பெயர் கிடைக்காத கட்டைப் பிரித்தார்கள். பின் ஒவ்வொரு சொல்லாக, தேவையற்றதை வெட்டினார்கள். புரியவில்லை என்று எவனேனும் சொன்னால் மீண்டும் எழுதினார்கள். இதில் மிலானியின் மேதைமை தேவையில்லை. கத்தரிக்கோலும் பசையும் பொறுமையும் போதும். பூச்சந்தைச் சிறுமி தன் 224 ரூபாய் எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுத, அருகிலிருப்பவன் கரும்பலகை முறையில் மற்றொரு தாளில் எழுத, இரண்டையும் ஒரே கட்டில் சேர்க்கலாமா என்று வகுப்பு வாதிட்டால், கிக்கும் ஹோலியோக்கும் கூறிய ஒப்பீடு அங்கேயே நிகழும். ஞாயிறு மறைக்கல்வியில் நாத்தானின் கதையையும் சமாரியர் கதையையும் இதே வகையில் வைத்துப் பார்க்க நாற்பது நிமிடம் போதும்.

நூலின் கடைசிப் பக்கத்தில், ஏதேனும் ஓர் ஆசிரியரிடமிருந்து மறுமடல் வரும் என்று காத்திருப்பதாக அப்பிள்ளைகள் எழுதி, அதன் கீழே தங்கள் பள்ளியின் முகவரியைத் தந்துள்ளனர்.